ஏற்றத்துக்கு முறை வைத்த ஊர்

ஸ்பெயின் மலையூர்களான வால்சேரோவுக்கும் தோர்மியோவுக்கும் நடுவே கிடக்கும் மேட்டுப் பாதையிலிருந்து ஏற்றம் காணாமல் போனது ஓர் அக்டோபர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை. அதை முதலில் கண்டவர்கள் பார்சலோனாவிலிருந்து மலைச் சைக்கிள் ஓட்ட வந்திருந்த பல் டாக்டர்கள் நான்கு பேர். அவர்களுக்கு அதில் துளியும் சந்தோஷமில்லை. காலையில் வால்சேரோவின் கல்பாலத்தைத் தாண்டி, ரோமானியர் காலத்தில் கல் பாவிய பாதையில் சைக்கிளை விட்டவர்கள், ஓக் மரக்காடு முடிந்து ஊதாப்பூப் புதர்கள் தொடங்கும் இடத்தில் வழக்கமாக நாக்குத் தள்ள வேண்டிய நேரத்தில், பெடலை மிதிக்காமலே வழுக்கிக்கொண்டு போனார்கள். உச்சியில் நிற்கும் கல்சிலுவையையும் இறக்கத்திலேயே தாண்டி, மறுபக்கம் தோர்மியோவின் பழைய சர்ச் வாசலில் போய் நின்றார்கள். சரி, திரும்பும்போது இருக்கிறது நமக்கு என்று ரொட்டியும் சீஸும் வயிறு முட்டத் தின்றுவிட்டுத் திரும்பினால், அதுவும் இறக்கம்.

"ஏற்றம் எங்கே?" என்று அவர்களில் பெரியவர் கேட்டார். ஹோட்டலில் சாம்பாரில் காய் எங்கே என்று கேட்பார்களே, அந்தத் தொனியில்.

அவர்களுக்கு வழிகாட்டிக்கொண்டு முன்னால் போன இசக்கிமுத்து வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தான். அம்பாசமுத்திரத்தில் பிறந்து, குன்னூரில் வெள்ளைக்காரர்களை மலைப்பாதையில் சைக்கிளில் கூட்டிக்கொண்டு திரிந்து, அந்தத் தொடர்பில் ஸ்பெயினுக்கு வந்து, வால்சேரோவின் மூடிப்போன பள்ளிக்கூடத்தை வாடகைக்குப் பிடித்துச் சைக்கிள்காரர்கள் தங்கும் விடுதியாக மாற்றி வைத்திருப்பவன் அவன். இந்த மேட்டை அவன் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறான். பல் டாக்டர்கள் சாயங்காலமே மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகு, அவன் மட்டும் திரும்பத் திரும்பப் போய் வந்தான். போகும்போதும் இறக்கம், வரும்போதும் இறக்கம். பிரேக் கட்டைகள் தேய்ந்து தீர்ந்துபோக, தலை கிறுகிறுத்துப்போய் வீடு வந்து சேர்ந்தவன் மனைவி மங்கையர்க்கரசியிடம் நடந்ததைச் சொன்னான்.

அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "இறக்கம்னா நல்லதுதானங்க" என்றாள்.

"ரெண்டு பக்கமும் எப்படிட்டீ இறக்கமா இருக்கும்?"

"எனக்கென்ன தெரியும். நான் பொங்கலுக்குக் கல்லிடைக்குறிச்சிக்குப் போறேன்னு சொன்னேனே, அதுக்கு என்ன முடிவு பண்ணுனீய?"

இதுதான் இசக்கிமுத்துவின் நெஞ்சில் கிடந்து அறுக்கிற விஷயம். பொங்கலுக்குப் போகிறேன் என்று சொன்னவள் திரும்பி வருகிறேன் என்று சொல்லவில்லை. கேட்டதற்கு, "பாப்போம்" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "சொன்னா உங்களுக்குப் புரியாது" என்றாள். புரியாது என்று சொல்லிவிட்டால் ஆண்பிள்ளைக்கு என்ன செய்யத் தோன்றும்? தானாக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்வான். இசக்கிமுத்துவும் கண்டுபிடித்துக்கொண்டான். இந்த ஊர் தங்களை ஒரு குடும்பமாக எண்ணவில்லை, மூன்று குளிர்காலம் கழித்தும் விடுதிக்காரர்களாகவே வைத்திருக்கிறது, அதுதான் அவளுக்குக் குறை என்று தீர்மானித்துக்கொண்டான். அந்தக் குறையைத் தீர்த்துவிட்டால் அவள் இருந்துவிடுவாள் என்பது அவன் கணக்கு.

காணாமல் போன ஏற்றம் யூஃபேமியாவின் வீட்டில் கிடந்தது. எழுபதைத் தாண்டிய தனிக்கட்டை யூஃபேமியா. பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வீடு. அந்தச் செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கட்டிலை விட்டு இறங்கி, காப்பி போடலாமென்று நடை வழியாக அடுப்படிக்குக் கிளம்பினாள். அடுப்படியை அடைந்தபோது சர்ச்சில் மத்தியான மணி அடித்துக்கொண்டிருந்தது. பாவாடை விளிம்பெல்லாம் ஊதாப்பூ, செருப்பெல்லாம் ஈரமண், காதுக்குள் மேட்டுக் காற்று. அவள் முதலில் காப்பி போட்டுக் குடித்தாள். பிறகு அதே நடையில் இறங்கி வந்தாள். மறுநாளும் அப்படியே ஆனதும் தெருவுக்குப் போய், ஊர்க்கூட்டத்துக்கான மணியை அடித்தாள்.

வால்சேரோவில் ஊர்க்கூட்டம் சர்ச்சின் முன் மண்டபத்தில், வளைந்த கல்தூண்களுக்குக் கீழே நடக்கும். வீட்டுக்கு ஒருவர் உட்கார வேண்டும். இசக்கிமுத்து எப்போதும் போல் தூணுக்கு வெளியே நின்றான்.

"பொதுப்பாதையோட ஏற்றம் என் வீட்டு நடையில வந்து கிடக்கு" என்றாள் யூஃபேமியா. "பாதை பொதுன்னா ஏற்றமும் பொதுதானே? நான் ஒருத்தி மட்டும் எதுக்கு ஏறணும்?"

கூட்டம் யோசித்தது. அது எப்படி வீட்டுக்குள் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நடையின் நீளம் பத்தடி, மேட்டின் பாதையோ வயசானவர்கள் ஏறி முடிக்க அரை நாள் ஆகும், அது இதற்குள் எப்படி அடங்கியது என்றும் ஒருவரும் கேட்கவில்லை. பொதுச்சொத்து ஒரு வீட்டில் மட்டும் இருப்பது முறையா என்றுதான் பேசினார்கள், சத்தம் போட்டார்கள், தாத்தாக்கள் காலத்துத் தகராறு ஒன்றை நடுவில் இழுத்துவந்து அதையும் கொஞ்ச நேரம் பேசினார்கள்.

"அதெல்லாம் சரி, அது எப்படி வீட்டுக்குள்ள வரும்?" என்று தூணுக்கு வெளியிலிருந்து இசக்கிமுத்து கேட்டே விட்டான்.

ஊர்த்தலைவரும் ஊரின் ஒரே பாருக்குச் சொந்தக்காரருமான ஃபாஸ்தோ அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "எப்படின்னா? நடையில கிடக்குன்னு அவதான் சொல்றாளே."

கடைசியில் கோலிடம் விட்டுவிடுவது என்று முடிவானது. கோல் என்றால் மார்பளவு உயரமுள்ள ஒரு செஸ்ட்நட் மரக்கம்பு. முன்பு ஊர் ஆடுகளை எல்லா வீட்டாரும் முறைவைத்து மேய்த்த காலத்தில், மறுநாள் யார் முறையோ அந்த வீட்டுக் கதவில் முந்தின சாயங்காலம் இந்தக் கோலைச் சாய்த்து வைப்பார்கள். ஆடுகள் போய்விட்டன, கோல் போகவில்லை. பனி தள்ளுவது, பாதைப் புதர் வெட்டுவது, மாதம் ஒருமுறை வரும் பாதிரியாருக்குச் சோறு போடுவது எல்லாம் இன்னமும் கோலின் வரிசையில்தான் நடக்கிறது. முறையை முடித்த வீட்டார் கோலை அடுத்த வீட்டுக் கதவில் சாய்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட வேண்டும், அதுதான் மரியாதை.

அன்று சாயங்காலம் யூஃபேமியா கோலை நடந்து கொண்டுபோய், பள்ளிக்கூடத்தைத் தாண்டி, அதற்கடுத்த வீட்டுக் கதவில் சாய்த்தாள். மறுநாள் காலையில் ஏற்றம் அந்த வீட்டில் கிடந்தது.

அப்புறம் ஊர் அதற்குப் பழகிவிட்டது. ஏற்றம் வந்த வீட்டில் மத்தியான மணிக்குள் புகைபோக்கியில் புகை தெரிய வேண்டும், தெரிந்தால் அந்த வீடு தன் முறையைச் செய்துவிட்டது என்று அர்த்தம் என ஒரு விதி தானாக உண்டாயிற்று. நிக்கானோரும் சாத்தூரியோவும் அண்ணன் தம்பிகள், ஒரே வீட்டில் இருந்துகொண்டே வருஷக்கணக்காகப் பேசாதவர்கள். அவர்கள் வீட்டில் கக்கூஸுக்கும் கூடத்துக்கும் நடுவே ஏற்றம் விழ, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டியிருந்தது, ஏறினார்கள், ஆனால் பேசவில்லை. ஃபாஸ்தோவின் பாரில் அது காப்பி மெஷினுக்கும் மேஜைக்கும் நடுவே கிடந்ததால் அன்று எல்லோருக்கும் ஆறின காப்பிதான். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கடைசி வீட்டு அமாதோருக்கும் லூசியாவுக்கும் கட்டிலின் நடுவிலேயே கிடந்தது என்று பேச்சு. அவர்கள் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அடுத்த முறை எப்போது வரும் என்று மட்டும் லூசியா இரண்டு தடவை விசாரித்தாள். சாயங்காலமானால் பாரில் எல்லோரும் கூடி, "உங்க வீட்டுல எங்க கிடந்துச்சு?" என்று கேட்டுக்கொள்வார்கள். அதைக் கேட்பதும் சொல்வதும் ஊருக்கே ஒரு சுகமாகிவிட்டது.

இசக்கிமுத்துவுக்கு மட்டும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பகலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனால் உச்சி உச்சியாகவே இருக்கிறது, கழுகு வட்டமிடுகிறது, கீழே இரண்டு பக்கத்திலும் இரண்டு பள்ளத்தாக்கும் இரண்டு ஊரின் சிலேட்டுக் கூரைகளும் சின்னதாகத் தெரிகின்றன; ஆனால் அங்கே வந்து சேர அவன் ஏறவே இல்லை. ஏறாமல் உயரத்தில் நிற்பது அவனுக்கு என்னவோ போலிருந்தது. அந்தக் குழப்பத்திலும் ஒன்று மட்டும் தெளிவாக உறுத்தியது. கோல் ஒவ்வொரு சுற்றிலும் யூஃபேமியா வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போய்விடுகிறது.

இரண்டாவது சுற்று முடியப்போகும் சமயத்தில் ஊர்க்கூட்டம் கூடியது. இசக்கிமுத்து பொறுக்கமாட்டாமல் தூணைத் தாண்டி உள்ளே வந்தான்.

"எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் கோல் வரமாட்டேங்குது? நாங்க மனுஷங்க இல்லையா?"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தத் தடவை குழம்பியது ஊர்.

"வந்துச்சே" என்றார் ஃபாஸ்தோ. "நீதானே திருப்பிக் கொடுத்த?"

"நானா?"

"வந்த முதல் மாசமே யூஃபேமியா உங்க கதவுல சாய்ச்சு வெச்சா. மறுநாள் காலைல நீயும் உன் மனைவியும் குளிச்சு முழுகி, கோலைத் துடைச்சு எண்ணெய் போட்டு, ஒரு தட்டுல ஏதோ இனிப்பு வெச்சு, அவ கையிலயே கொண்டுபோய்க் கொடுத்து, கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனீங்க. கோலைத் திருப்பிக் கொடுத்தா முறை வேண்டாம், எங்களை விட்டுடுங்கன்னு அர்த்தம். அவ்வளவு மரியாதையா மறுத்தவங்களை இந்த ஊர் பார்த்ததே இல்ல. அதனாலதான் அதுக்கப்புறம் உங்களைத் தொந்தரவு பண்ணல."

இசக்கிமுத்துவுக்கு ஞாபகம் வந்தது. கதவில் ஒரு கம்பு சாய்ந்திருந்ததும், பாவம் யாரோ வயசானவர்கள் மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அவன் நினைத்ததும், அடுத்தவர் பொருள் ராத்திரி நம் வீட்டில் தங்கிவிட்டதே, வெறுங்கையோடு திருப்பித் தரக்கூடாது என்று மங்கை சுசியம் சுட்டதும். மூன்று வருஷமாக எதற்காக ஏங்கிக்கொண்டிருந்தானோ, அதை வந்த மாதமே தட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறான். அவமானத்தில் அவன் காது மடல் சுட்டது.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"மறுத்த வீட்டுக்குக் கோல் தானா வராது. முடியாத இன்னொருத்தர் முறையைச் சுமந்தா, அவங்க கையால வரும்" என்றார் ஃபாஸ்தோ.

யூஃபேமியாவின் மூன்றாவது முறை நவம்பர் முதல் வாரத்தில் வந்தது. முழங்கால் வீங்கிப்போய் அவள் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். இசக்கிமுத்து சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டு வாசற்படி ஏறினான்.

"கால்ல மண்ணு இருந்தா துடைச்சுட்டு வா" என்றாள் அவள்.

நடையில் சைக்கிளை நிறுத்தி, கியரை ஆகக் குறைந்ததில் போட்டு, மிதித்தான். முதலில் இருபக்கமும் சுவர், சுவரில் யூஃபேமியாவின் கல்யாணப் படம், ராணுவ உடையில் அவள் புருஷன், பழைய காலண்டர் ஒன்று; அப்புறம் படங்கள் தூரம் தூரமாகி, சுண்ணாம்புச் சுவர் வெறும் கல்சுவராகி, கல்சுவர் ஆட்டுப்பட்டி மதிலாக இடுப்பளவுக்குத் தாழ்ந்து, கூரை எப்போது வானமானது என்று அவன் கவனிப்பதற்குள் ஓக் காடு முடிந்து ஊதாப்பூப் புதர்கள் தொடங்கிவிட்டன; எதிர்க்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ள, பின்சக்கரம் ஈரச் சரளையில் வழுக்க, தொடை இரண்டும் தீயாய்க் காந்த, கண்ணில் வேர்வை இறங்க, அவன் ஏறினான், ஏறினான், ஏறிக்கொண்டே இருந்தான். அவனுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. இத்தனை நாள் மேட்டில் தேடிய ஏற்றம் இங்கேதான் இருந்தது, ஒரு அங்குலம் குறையாமல். கல்சிலுவையைத் தாண்டினான். அதற்குப் பின்னால் அடுப்படிக் கதவு.

விறகு அடுக்கி அடுப்பை மூட்டினான். மத்தியான மணிக்கு முன்பே புகை போயிற்று. காப்பி போட்டு, தண்ணீர் பாட்டிலில் ஊற்றிச் சைக்கிளில் செருகிக்கொண்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி நடை முழுக்க இறங்கி வந்து யூஃபேமியாவிடம் நீட்டினான்.

அவள் ஒரு வாய் குடித்தாள். "சர்க்கரை போடல" என்றாள்.

அவன் மறுபடி ஏறினான்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் மூச்சுவிடாமல் மங்கையிடம் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே துணி மடித்தாள்.

"அந்தம்மாவுக்குக் காப்பி போட்டுக் குடுத்தீயளோ?"

"ஆமா. சர்க்கரைக்குன்னே இன்னொரு தடவை ஏறுனேன்லா!"

"நல்லது" என்றாள் மங்கை. மடித்த துணியை அலமாரியில் அடுக்கினாள்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடக் கதவில் கோல் சாய்ந்திருந்தது. இசக்கிமுத்து அதைத் தொடாமல், கைகட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தபடி நின்றான். இனி அவள் போகமாட்டாள் என்று அவன் மனசு சொல்லிற்று.

விடிந்ததும் முதல் ஆளாக எழுந்து ஏற்றத்தைத் தேடினான். கட்டிலிலிருந்து கதவுவரை நடந்தான், சமதரை. மாடிப்படி ஏறினான்; எப்போதும் உள்ள படிகள்தான். குளியலறை, சைக்கிள் கொட்டகை, விருந்தாளிகள் படுக்கும் பழைய வகுப்பறைகள், வாசல், கொல்லை என்று ஒவ்வொன்றாக நடந்து பார்த்தான். எங்கும் சமதரை. கோல் தப்பிப்போய் வந்துவிட்டதோ, ஏற்றத்துக்கே இந்த வீடு பிடிக்கவில்லையோ என்று சந்தேகம் வந்தது. முன்கூடத்தில் தன் பட்டறை நாற்காலியில் உட்கார்ந்து, வளைந்த சக்கரம் ஒன்றை நிமிர்த்த எடுத்தான், கை ஓடவில்லை.

மங்கை காப்பி கொண்டுவந்து வைத்தாள். பிறகு தோசை வந்தது. பதினோரு மணிக்கு இன்னொரு காப்பி. மத்தியான மணி அடிக்கும்போது பதறிப்போய்த் தெருவுக்கு ஓடி நிமிர்ந்து பார்த்தான். பள்ளிக்கூடத்துப் புகைபோக்கியில் அடர்த்தியாகப் புகை போய்க்கொண்டிருந்தது, எதிரே பார் வாசலில் ஃபாஸ்தோ தொப்பியைக் கழற்றி ஆட்டினார். முறை நடந்துகொண்டிருக்கிறது, ஆனால் அவன் ஒன்றும் ஏறவில்லையே? குழம்பியபடி வந்து உட்கார்ந்தான். சோறு வந்தது, ரசம் வந்தது, அப்பளம் மறந்துவிட்டதென்று போய் எடுத்து வந்தாள். சாயங்காலம் பாருக்குப் போனான். ஊரே திரும்பி, "உங்க வீட்டுல எங்க கிடந்துச்சு?" என்று ஆசையாகக் கேட்டது.

"தெரியல" என்றான். அதைச் சொல்ல அவனுக்கு நாக்கூசியது. ஃபாஸ்தோ முதல்முறையாகக் குழம்பிப்போய்க் கோப்பையைத் துடைப்பதை நிறுத்தினார். மற்றவர்கள் மரியாதையாக வேறு பேச்சுக்கு மாறிக்கொண்டார்கள்.

அவன் திரும்பி வந்து பட்டறை நாற்காலியில் விழுந்தான். மங்கை டீ டம்ளரோடு வந்தாள். டம்ளரை வாங்கும்போதுதான் அவளைப் பார்த்தான். ஸ்வெட்டர் விளிம்பிலும் சேலைக் கொசுவத்திலும் ஊதாப்பூக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. செருப்பில் ஈரச் சரளை. நெற்றியில் முடி காற்றில் கலைந்து கிடந்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, ஏற்றம் எங்க கிடக்கு?"

"எந்த ஏற்றம்?"

"இன்னைக்கு நம்ம முறைல்லா? நான் வீடு பூராத் தேடிட்டேன்."

"அடுப்படிப் பக்கம் போனீயளா?"

அவன் யோசித்தான். அடுப்படிக்கு மட்டும் போகவில்லை. நேற்றும் போகவில்லை. போக வேண்டிய வேலை என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

மங்கை தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். "இன்னைக்குத்தான் ஏற்றமா? எனக்கு வித்தியாசம் தெரியலங்க. இங்க வந்த நாள்லேருந்து எனக்கு இப்படித்தான் இருக்கு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனை அறுத்தது. டீயை மடமடவென்று குடித்தான், சுட்டது. நாற்காலியிலிருந்து எழுந்து, காலி டம்ளரோடு அடுப்படிக்குப் போகும் நடையில் கால் வைத்தான். இரண்டாவது அடியிலேயே தரை நிமிர்ந்தது. சைக்கிள் இல்லை, கியர் இல்லை, வீட்டுச் செருப்பு ஒரு பக்கம் வழுக்கியது. அ, ஆ எழுதச் சொல்லிக்கொடுப்பதுபோல் பழைய பள்ளிக்கூடச் சுவரில் தீட்டியிருந்த ஸ்பானிய எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய், சுவர் தாழ்ந்து, புதர் தொடங்கியது. மேலே வெகு தூரத்தில் அவர்கள் வீட்டு அடுப்பின் வெளிச்சம் ஒரு பொட்டாகத் தெரிந்தது. சோற்றுப் பானையோடு இதில் எப்படி இறங்கினாள்? ஒரு அப்பளத்துக்காகவா இதில் திரும்பப் போனாள்?

"பாதியில காத்து அடிக்கும்" என்று கீழேயிருந்து மங்கையின் குரல் வந்தது. "குனிஞ்சு போங்க."

திரும்பிப் பார்த்தான். சரிவின் அடியில், கூடத்து வெளிச்சத்தில், அவள் அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தாள். பொங்கலுக்குப் போனால் திரும்பி வருவாயா என்று அவளிடம் கேட்க வேண்டியிருந்தது. மூச்சு வாங்கியதில் அவனால் கேட்க முடியவில்லை. டம்ளரைப் பிடித்துக்கொண்டு ஏறினான்.